திண்ணைப் பள்ளிகளும் ஆராய்ச்சி நூல்களும்

கல்வி, சமயம், கலாசாரம் ஆகிய இம்மூன்றையும்பற்றிச் சர்வகலாசாலைப் பண்டிதர்கள் எழுதும் நூல்கள் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. அவற்றுட் பல நம் நாட்டைப்பற்றியவை. நம் முன்னோர் மணலில் விரல் தேய எழுதிப் படித்த பள்ளிகளைப்பற்றியவை. ஆயினும், அவை பிறப்பது ஆக்ஸ்போர்டிலும் சிக்காகோவிலும், பேசுவது ஆங்கிலம், அவற்றின் விலையோ நம் கிராமத்து உபாத்தியாயர் நெருங்கத்தக்கதன்று. ஆதலால், நூலை முழுதும் படித்தவர் மிகச் சிலராகவும், நூலிலிருந்து ஒரு தொகையை மட்டும் பறித்துக்கொண்டு மேடையேறுவோர் மிகப் பலராகவும் இருக்கக் காண்கிறோம். அவ்வாறு பறிக்கப்பட்டுப் பல கைகளிலும் சிக்கி அலைக்கழியும் ஓர் எண்ணைப்பற்றியும், அதனைச் சூழ்ந்து எழுந்துள்ள சில நூல்களைப்பற்றியும் இன்று நம் நேயர்களுக்குக் கூற விரும்புகிறோம். அவ்வெண் 12,498.

அதன் வரலாறு இது. சென்னை ராஜதானியின் கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ, 1822ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் ஒரு குறிப்பெழுதி, ராஜதானியிலுள்ள சுதேசப் பள்ளிகள் எத்தனை, அவற்றிற் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் எவ்வெச் சாதியினர், ஆண்பிள்ளைகள் எத்தனை, பெண்பிள்ளைகள் எத்தனை என்பனவற்றையெல்லாம் கணக்கெடுத்து அனுப்பும்படி ஜில்லாக் கலெக்டர்களுக்கு உத்தரவு பிறப்பித்தார். கலெக்டர்கள் ஒருவர்பின் ஒருவராக அறிக்கை அனுப்பினர். கன்னடஜில்லாக் கலெக்டர் மாத்திரம் கணக்கு எதுவும் அனுப்பவில்லை. எஞ்சியவற்றைத் தொகுத்து 1826 மார்ச் 10ஆம் நாள் மன்றோ எழுதிய குறிப்பில்தான் மேற்சொன்ன எண் வருகிறது. ஜனத்தொகை 1,28,50,941, பள்ளிகள் 12,498, மாணாக்கர் 1,88,650 பேர். அஃதாவது, சுமார் ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ள ஆண்பிள்ளைகள் ஜனத்தொகையில் ஒன்பதிலொரு பங்கென்று கொண்டு, அவர்களுள் நான்கிலொரு பங்கினர் பள்ளிக்குச் செல்கின்றனரென்று அவர் கணக்கிட்டார். வீட்டிலிருந்தே கற்கும் பிள்ளைகளையும் சேர்த்தால் அப்பங்கு மூன்றிலொன்றை நெருங்குமென்பது அவரது மதிப்பு. சென்னைப் பட்டணத்தில் பள்ளியிற் படித்தவர் 5,523 பேர். வீட்டிற் படித்தவரோ 26,903 பேரென்று அறிக்கை கூறியது. இவ்விரண்டாம் எண்ணிற் பிழையிருத்தல் கூடுமென்று மன்றோவே ஐயுற்றார் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளவேண்டும்.

இக்கணக்கு காகிதக் கட்டுகளுக்குள் நெடுங்காலம் உறங்கிற்று. 1931 அக்டோபர் 20ஆம் நாள் லண்டனில் சர்வதேச விவகாரங்களுக்கான ராஜாங்கக் கழகத்தில் மகாத்மா காந்தி பேசியபோது, ஐம்பது நூறாண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட இந்தியாவில் எழுத்தறிவு குன்றிவிட்டதென்றும், பிரிட்டிஷ் அதிகாரிகள் நம் கல்வி முறையாகிய அழகிய மரத்தின் வேரை ஆராயப் புகுந்து மண்ணைத் தோண்டி அப்படியே விட்டுவிட்டமையால் மரம் பட்டுப்போயிற்றென்றும் கூறினார். கூட்டத்திலிருந்த ஸர் பிலிப் ஹார்ட்டாக் என்பவர் உடனே ஆதாரம் கேட்டார். இவர் டாக்கா சர்வகலாசாலையின் முதல் துணைவேந்தர், புள்ளிவிவரத்தில் பற்றுடையவர். காந்தியடிகள் ‘யங் இந்தியா’வில் வெளிவந்த கட்டுரைகளைச் சுட்டினார், ஹார்ட்டாக் அவற்றால் திருப்தியடையவில்லை. பேராசிரியர் கே. டி. ஷா பதில் எழுதினார்; அதனாலும் ஹார்ட்டாக்கின் மனம் மாறவில்லை. தம் மறுப்பை அவர் 1939இல் ஒரு நூலாகவே வெளியிட்டுவிட்டார். அவ்வாண்டில் காந்தியடிகள் அவருக்கு எழுதிய கடிதம் படிக்கத்தக்கது. ஒப்புக்கொள்ளத்தக்க சான்று தம் கைக்கு எட்டவில்லையென்பதை மறைக்காமல், தம் கருத்தைத் தாம் கைவிடவுமில்லையென்று அதில் அவர் தெரிவித்தார்.

அச்சான்றைத் தேடி எடுத்தவர் தரம்பால். ஐக்கிய மாகாணத்துக் காந்தலாவில் 1922இல் பிறந்த இப்பெரியார் எந்தச் சர்வகலாசாலையிலும் ஆசிரியரல்லர். எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்திலும், லண்டனில் இந்தியா ஆபீஸ் நூலகத்திலும் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து, கலெக்டர்களின் அறிக்கைகளைக் கையாலேயே பெயர்த்தெழுதி, 1983இல் ‘அழகிய மரம்’ என்ற பொருள்படும் பெயரால் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அந்நூலின் பெரும்பகுதி அவருடைய வாதமன்று, அறிக்கைகளே. ஒவ்வொரு ஜில்லாவின் பாரமும், ஒவ்வொரு கலெக்டரின் கடிதமும் அதில் உள்ளபடியே அச்சாகியிருக்கின்றன. தமிழிலும் ‘அழகிய மரம்’ என்றே அது மொழிபெயர்ந்துளது. ஆயினும், அதனை எடுத்தாள்வோர் முன்னுரையோடு நின்றுவிடுவதும், பின்னிணைப்பைப் புரட்டாமலிருப்பதும் நமக்கு வியப்பை அளிக்கின்றன. வக்கீலாகப் பழகியவன் வழக்கில் வாதத்தைப் பின்னரே படிப்பான். முதலில் தஸ்தாவேஜுகளைப் பார்ப்பான்.

அவ்வாறு பார்க்கப் புகுந்தால், ஹார்ட்டாக்கின் ஆட்சேபங்களில் பாதி நில்லா. கலெக்டர்களின் கணக்கு நம்பத்தகாதது, மிகைப்பட்டது என்பது அவர் கட்சி. ஆனால், கணக்கெடுத்தவர்கள் யார்? நம்மவருக்குப் பரிந்துபேசவேண்டிய நிர்ப்பந்தம் அவர்களுக்கு ஏதேனும் உண்டோ? பல்லாரி ஜில்லாக் கலெக்டர் காம்ப்பெல் 1823 ஆகஸ்டில் எழுதிய அறிக்கை, தம் ஜில்லாவிலுள்ள 533 பள்ளிகளில் ஒன்றுகூட அப்போது அரசாங்க உதவி பெறவில்லையென்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறது. சீமைத் துணி வந்து நெசவாளரின் தொழில் நலிந்ததனாலும், முன்பு கல்விக்கு வழங்கப்பட்டுவந்த வருமானங்கள் நின்றுபோனதனாலும் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் சக்தியிழந்தனரென்பது அவர் கூற்று. தன் நலத்துக்கு மாறாக ஒருவன் கூறும் வாக்குமூலத்துக்கு நியாயஸ்தலத்தில் தனி மதிப்புண்டு. கும்பெனியின் ஊழியரே கும்பெனியின்மீது இவ்வாறு குறைகூறும்போது அதை மிகையென்று தள்ளுவதெப்படி?

ஆனால், ஹார்ட்டாக்கின் மற்றப் பாதி ஆட்சேபத்துக்கு நாம் விடைகூறக் கடமைப்பட்டிருக்கிறோம். மன்றோவின் கணக்கு ஒரு காலத்தின் படம். 1822ஆம் ஆண்டில் நிலைமை இன்னதென்று அது காட்டும். 1750இல் என்ன இருந்ததென்று அது காட்டாது. முன்பு இதனினும் மேலாயிருந்ததென்பதற்குக் கலெக்டர்களின் கடிதங்களில் ஆங்காங்கே வரும் வாசகங்களே ஆதாரம், அவை கணக்கல்ல. தரம்பாலே இவ்விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கையுடையவர். அவர் நூலை ஏந்தித் திரிவோரிடத்தில் அவ்வெச்சரிக்கையை நாம் காண்பதரிது. மன்றோவுங்கூட, நம் கல்வியின் நிலை தாழ்ந்ததென்றுதான் எழுதினார். ஐரோப்பிய தேசங்களில் அண்மைக்காலம் வரை இருந்ததைவிட மேலானதென்று அடுத்தபடியாகச் சேர்த்துக்கொண்டார். மேடையிற் பேசுவோருள் ஒரு சாரார் பிந்திய வாக்கியத்தை மட்டும் கூறுகின்றனர். இன்னொரு சாரார் முந்தியதை மட்டும் கூறுகின்றனர்.

சாதிக் கணக்குக்கு வருவோம். இங்கேதான் பூசல் அதிகம். தமிழ் ஜில்லாக்களில் பள்ளிப் பிள்ளைகளுள் பெரும்பாலார் பிராமணரல்லாதார் என்பது பாரங்களிலிருந்து ஐயமின்றி விளங்குகிறது. தென்னாற்காட்டில் பிராமணர் முதலிய முதல் மூன்று வருணத்தினரென்று குறிக்கப்பட்டோர் நூற்றுக்குப் பதின்மூவர் மட்டுமே. எஞ்சியோர், ஒரு சில முஸ்லிம் பிள்ளைகள் நீங்கலாக, பாரத்தில் ‘சூத்திரர்’ என்றும் ‘மற்றச் சாதியார்’ என்றும் எழுதப்பட்டவர்கள். (அச்சொல்லை நாம் விரும்பி வழங்கவில்லை, பாரத்திலுள்ளதைக் கூறுகிறோம்.) கல்வியென்பது ஒரு வகுப்பாருக்கே உரியதாயிருந்ததென்று நெடுநாள் சொல்லப்பட்டுவந்த கூற்றை இது அடியோடு அசைக்கிறது. ஆயினும், பள்ளியிலுள்ள பிள்ளைகளில் ஒரு வகுப்பினரின் பங்கு வேறு. அவ்வகுப்பிலுள்ள பிள்ளைகளில் பள்ளிக்குச் செல்வோரின் பங்கு வேறு. முன்னதைக் கூறிப் பின்னதை நிரூபித்துவிட்டதாகக் கொள்வது கணக்கறியாதவர் செய்யும் வேலை. ஜனத்தொகையில் பெரும்பான்மையோராயுள்ளவர் பள்ளியிலும் பெரும்பான்மையோராயிருப்பதில் அதிசயமில்லை.

‘மற்றச் சாதியார்’ என்ற பத்தியைப்பற்றி இன்னுமோர் வார்த்தை. அப்பத்திக்குள் யார் யார் அடங்கினரென்று பாரம் சொல்லவில்லை. சேரியிலிருந்த பிள்ளைகள் அதில் எத்தனை பேர்? திண்ணையின்மேல் ஏறி உட்கார உரிமையுடையவர் யாவர், தெருவுக்குள் நுழையவே உரிமையற்றவர் யாவர் என்பதைக் கலெக்டரின் எழுத்தர் எழுதிவைக்கவில்லையாயினும், நம் நாட்டார் அறிவர். மேற்படிப்புக்கென்றிருந்த ஸ்தாபனங்களை அறிக்கைகள் தனியே குறிக்கின்றன. ராஜமகேந்திரத்தில் அவை 279, தஞ்சாவூரில் 109. வேதமும் சாஸ்திரமும் கற்பித்த அவற்றில் பயின்றோர் ஏறக்குறைய யாவரும் பிராமணரே. பழைய கல்விமுறை எல்லார்க்கும் திறந்திருந்ததென்று எழுதுவோர் இப்பக்கத்தை மறந்துவிடலாகாது. பெண்களின் கணக்கோ கூறவே வருத்தந்தருவது. 1,88,650 மாணாக்கருள் பெண்கள் 4,540 பேர். அவர்களுள்ளும் மலையாள ஜில்லாவின் முஸ்லிம் சிறுமிகள் 1,122 பேர் என்பது பலரும் கவனியாத செய்தி. அங்கே முஸ்லிம் சிறுவர் 3,196 பேர் படித்தபோது சிறுமிகள் அவர்களில் மூன்றிலொரு பங்குக்கு மேலிருந்தனர். தேவதாசிக் குலத்துச் சிறுமிகள் நீங்கலாகத் தமிழ் ஜில்லாக்களின் ஹிந்துக் குடும்பங்களில் அந்நிலைக்கு அருகேகூட யாருமில்லை.

எண்களை விட்டு, அப்பள்ளிகளில் என்னதான் கற்பித்தனரென்று கேட்டால், அதற்கு விடைதரும் நூல்கள் இப்பொழுதுதான் வருகின்றன. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த செந்தில்பாபு, தென்னிந்தியாவின் எண்களையும் அளவைகளையும்பற்றி எழுதி 2022இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட நூலை நாம் மிகுந்த விருப்பத்தோடு படித்தோம். எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாத்து என்று நம் பாட்டிமார் வாயிற் கேட்ட பெயர்களெல்லாம் அங்கே ஆராய்ச்சிப் பொருளாக நிற்கின்றன. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று, காணி என்பது எண்பதில் ஒன்று, மா என்பது இருபதில் ஒன்று. ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் இப்பின்னங்களைத் தம்முள் பெருக்கி, எழுத்தாணியைத் தொடாமலே வாயால் விடைசொல்லினர். இதனை வெறும் உருப்போடுதலென்று மிஷனரிகளும் பள்ளிப் பரிசோதகர்களும் ஏளனஞ்செய்தனர். நினைவென்பதும் ஒரு கற்கும் முறையே, அதற்குத் தனியான ஒழுங்கும் நோக்கமும் உண்டென்று செந்தில்பாபு எடுத்துக்காட்டுகிறார். அதோடு நில்லாமல், அக்கணக்கு யாருக்கு ஊழியஞ்செய்தது என்றும் கேட்கிறார். வயலை அளந்தவன் ஒருவன், கணக்கெழுதியவன் ஒருவன், நெல்லை அளந்து கொண்டுபோனவன் வேறொருவன். கூலியாகப் படி நெல் பெற்றவனுக்கும் அளவை தெரியும். ஆனால், சுவடியில் அவனுக்கு இடமில்லை. பழம்பெருமை பேசுவோருக்கும், பழமையைத் தூற்றுவோருக்கும் இந்நூல் ஒருசேரச் சங்கடந்தருவது; அதுபற்றியே நாம் அதனைப் பெரிதும் மதிக்கிறோம்.

பவானி ராமன் எழுதிச் சிக்காகோ சர்வகலாசாலை 2012இல் வெளியிட்ட நூலோ கச்சேரிக்குள் நம்மை அழைத்துச்செல்கிறது. கும்பெனி ஆட்சி காகிதத்தின் ஆட்சியானபோது, நினைவாற்றலுக்கும் வாய்ச்சொல்லுக்கும் இருந்த மதிப்பு எவ்வாறு குன்றிற்று, கையெழுத்தும் முத்திரையும் எவ்வாறு ஏறிற்று, அதனோடு கூடவே கள்ளக் கையெழுத்து என்ற குற்றம் எவ்வாறு பெருகிற்று என்பதையெல்லாம் அவர் விரித்துரைக்கிறார். தாலுகாக் கச்சேரிகளையும் கோர்ட்டுகளையும் ஓரளவு அறிந்த நமக்கு அந்நூலின் பல பக்கங்கள் நேற்று நடந்தனபோலத் தோன்றின. நடைமட்டும் சற்றுக் கடினம். இக்காலத்து ஆங்கிலப் பண்டிதர்கள் ஒரு வாக்கியத்திற் கூறத்தக்கதை ஒரு பக்கத்திற் கூறுவதும், அடிக்குறிப்பில் அதையே மீண்டும் கூறுவதும் எந்தக் குருகுலத்திற் கற்றனவோ அறியோம்.

திண்ணைப் பள்ளியைத் தாழ்வாக நினைப்போர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியாரின் கதையை அறிந்துகொள்வது நன்று. எழும்பூரில் ராணுவ அனாதைச் சிறுவர் விடுதிக்கு 1789 முதல் 1796 வரை தலைவராயிருந்த அவர், நம் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். தம் விடுதியிலும் அவ்வாறே எழுதச்செய்து, மூத்த மாணாக்கன் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் கையாண்டார். நம் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலைதான் அது. 1797இல் லண்டனில் இதைப்பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அம்முறை ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்தெங்கும் பரவிற்று. அவர் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளி இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றே வழங்குகிறது. காம்ப்பெல் கலெக்டரும் இம்முறையையும், பிள்ளைகளுக்கு எழுதக் கற்பிப்பதில் நம்மவர் காட்டிய சிக்கனத்தையும் பாராட்டி எழுதினார். அதே அறிக்கையில், பிள்ளைகள் ஓதும் செய்யுள்களின் பொருள் அவர்களுக்கு விளங்குவதில்லையென்று குறைகூறியும் எழுதினார். இரண்டும் உண்மையே.

சமயத்தைத் தனியே பிரித்து இவ்வரலாற்றை எழுதவியலாது. திண்ணையில் முதலெழுத்து அரியென்றோ சிவாயவென்றோதான் தொடங்கிற்று. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் விடுமுறை. நவராத்திரியில் பிள்ளைகள் பாடிக்கொண்டு வீடுவீடாகச் சென்றால் உபாத்தியாயருக்கு வருமானம். உயர்ந்த தமிழ்க்கல்வி திருவாவடுதுறை போன்ற ஆதீனங்களின் நிழலில் வளர்ந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் டாக்டர் உ. வே. சாமிநாதையர் பயின்ற ஆண்டுகளை அவருடைய ‘என் சரித்திரம்’ விவரிப்பதுபோல எந்தச் சர்வகலாசாலை நூலும் விவரிக்கவில்லை. சைவ மடத்தில் ஸ்மார்த்தப் பிள்ளையொருவர் தமிழ் கற்றாரென்பதும், அம்மாணாக்கரே பின்னர் சமண காவியத்தையும் பௌத்த காவியத்தையும் பதிப்பித்தாரென்பதும் கல்விக்கும் சமயத்துக்குமுள்ள உறவைப்பற்றி யோசிப்போர் நினைவிற்கொள்ளத்தக்கவை.

மறுபுறத்தில், 1813ஆம் ஆண்டுச் சாஸனம் மிஷனரிகளுக்கு வழிதிறந்ததோடு கல்விக்கு ஆண்டுக்கு லட்ச ரூபாயும் ஒதுக்கியது. சமயத்தில் நடுநிலை வகிப்பதாகச் சொல்லிக்கொண்ட சர்க்கார் பைபிளைப் பாடமாக வைக்கவியலாமல், ஆங்கில இலக்கியத்தை அவ்விடத்தில் வைத்ததென்றும், ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக முறைப்பட்டது இங்கிலாந்துக்கு முன்பே இந்தியாவில்தானென்றும் கௌரி விசுவநாதன் 1989இல் வெளிவந்த தம் நூலில் நிறுவியுள்ளார். சென்னையில் 1846இல் கவர்னர் ட்வீடேல் பிரபு சர்க்கார் பள்ளிகளில் பைபிள் வகுப்பு வைக்க முயன்றபோது, ‘கிரெஸென்ட்’ பத்திரிகை நடத்திய கஜுலு லட்சுமிநரசு செட்டியாரும் நகரத்தாரும் எழுப்பிய எதிர்ப்பை அதனோடு சேர்த்துப் படிக்கவேண்டும். பச்சையப்ப முதலியார் 1794இல் காலமானபோது கோவில் தர்மங்களுக்கென விட்ட சொத்து, நெடுங்காலம் வழக்கிற் கிடந்து, அதன் மிகுதியைக்கொண்டு 1842 ஜனவரியில் சென்னையில் ஆங்கிலப் பள்ளியாக மலர்ந்ததும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே. கோவிற் பணம் கல்விப் பணமாக மாறலாமென்று நியாயஸ்தலம் திட்டம் வகுத்தது. ஆனால், அப்பள்ளியும் நெடுங்காலம் ஹிந்துச் சிறுவருக்கு மட்டுமே திறந்திருந்தது. இவ்வழக்கைமட்டும் எடுத்துக்கொண்டு தமிழில் ஒரு முழு நூல் எழுதலாம், எழுதுவாரை எதிர்பார்க்கிறோம்.

இனி, இந்நூல்கள் நம் ஜனங்களின் கைக்கு எவ்வாறு எட்டுவது? கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற விளம்பரப் பலகை எழுதும் கலைஞர் ஒருவர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த தமிழ்ப் புத்தகங்களே 1994 முதல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகின்றன. சிக்காகோ சர்வகலாசாலை அவற்றின் அருமையை உணர்ந்து பாதுகாக்க முன்வந்தது. நம்மிடையேயோ, சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது 1948இல் இச்சென்னை ராஜதானிதானென்று பெருமை பேசுகிறோம். வீட்டுவரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். அவ்வரிப்பணத்தில் வாங்கப்படும் நூல்களின் பட்டியலில் மேற்கூறிய ஆராய்ச்சி நூல்களுக்கும், அவற்றின் தமிழாக்கங்களுக்கும் இடமிருக்கவேண்டுமென்று கேட்பது பேராசையன்று.

அதற்கும் முன்பாகச் செய்யத்தக்கதொன்றுண்டு. கலெக்டர்களின் மூல அறிக்கைகள் எழும்பூர்க் காப்பகத்தில் இருக்கின்றன. ஜில்லாவுக்கு ஒன்றாக, பாரங்களையும் கடிதங்களையும் தமிழில் பெயர்த்து, பழைய அளவைச் சொற்களுக்கும் சாதிப் பெயர்களுக்கும் குறிப்பெழுதி, ஒரு பள்ளி உபாத்தியாயர் வாங்கக்கூடிய விலையில் அரசாங்கமே வெளியிடலாம். வாதம் ஏதும் அவற்றில் வேண்டுவதில்லை, தஸ்தாவேஜு போதும். தஞ்சாவூர், திருநெல்வேலி, சேலம் ஆகிய மூன்று ஜில்லாக்களோடு தொடங்கினால், ஓராண்டில் முதற்புத்தகத்தைக் கையிற் காணலாம்.